ஈச்சிலம்பற்றுப் பிள்ளைகளும் ஒரு பழைய கமராவும்

நான் சிறுவனாய் இருந்த காலத்தில் திருகோணமலையிலிருந்து மூதூருக்குப் போவதென்றால் அது ஒரு சிறு கடற்பயணம். இறங்குதுறையில் லோஞ்சுக்குக் காத்திருந்து, மூட்டை முடிச்சுகளுக்கும் கோழிக் கூடைகளுக்கும் நடுவே இடம் பிடித்து, கோணேசர் மலை பின்னே சிறுத்து மறைவதைப் பார்த்தபடி கொட்டியாரக் குடாவைக் கடந்து அக்கரை சேர வேண்டும். தரை வழியே சென்றோர் பட்ட பாடு வேறு. கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று ஆறும் கழியும் குறுக்கிட்ட இடமெல்லாம் ‘பாதை’ என்று எம்மவர் வழங்கும் மிதவையில் வண்டியை ஏற்றி மறுகரையில் இறக்க வேண்டும். 2009ஆம் ஆண்டில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பெற்றது. அடுத்து வந்த ஓரிரண்டு ஆண்டுகளில் ஏனைய துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. இன்று நகரிலே காலையுணவை முடித்துக்கொண்டு பஸ் ஏறும் ஒருவர் வெயில் உச்சிக்கு வருமுன் வெருகலாற்றங்கரையில் நிற்கலாம். வசதி பெருகியது மெய்தான். ஆயினும் பாதைக்குக் காத்து நின்ற நேரத்திற் பேசிய ஊர்க் கதைகள் போயினவே என்று ஒரு சிறு குறை எனக்கு உண்டு.

இவ்வழியிலே, பெருந்தெருவை விட்டுக் கடலை நோக்கி இடப்புறம் திரும்பினால் வருவது ஈச்சிலம்பற்று. ‘பற்று’ என்பது பழைய நிருவாகப் பிரிவைக் குறிக்கும் சொல். கொட்டியாரப்பற்று, கோறளைப்பற்று என்ற பெயர்களில் நேயர்கள் அதனைக் கண்டிருப்பர். ரொபேட் நொக்ஸ் என்ற ஆங்கில இளைஞர் 1660இல் கண்டியரசனின் ஆட்களிடம் அகப்பட்டது இக்கொட்டியாரக் கரையிலேதான் என்பதையும் மாணவர்கள் படித்திருப்பர். கிழக்கே கடல், கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே கழிகள், தெற்கே மகாவலியின் கிளையாகிய வெருகலாறு, உள்ளே வயலும் பற்றைக் காடும். நெல்லும் மீனும் மாடுமே இப்பகுதி மக்களின் வாழ்வு. ஆற்றங்கரையில் வெருகல் சித்திர வேலாயுத சுவாமி கோவில் இருக்கிறது. வடக்கேயிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் அடியார்கள் இங்கே தங்கி, நீராடி, மேலே நடப்பர். கடற்கரை வேடர் எனப்பெறும் பழங்குடியின் வழிவந்தோரும் இவ்வட்டாரத்திலே தமிழ் பேசித் தமிழரோடு கலந்து வாழ்கின்றனர்.

இத்தனையும் சொன்னவன் மற்றதையும் சொல்லியாக வேண்டும். 1990இல் இம்மக்கள் ஊரை விட்டு ஓடினர். மீண்டு வந்து குடியிருந்தோர் மேல் 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் ஏறியது. 2006இல் போர் மீண்டும் மூண்டபோது வெருகலாற்றைக் கடந்து வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்கும் பெயர்ந்தனர். 2007 முதல் மெல்ல மெல்லத் திரும்பினர். ஓடுகிறவன் முதலில் தூக்குவது பிள்ளையை; அடுத்து அரிசியை; அதற்கடுத்து காணி உறுதியையும் அடையாள அட்டையையும். சுவரில் மாட்டிய படத்தைக் கழற்றுவதற்கு எவர்க்கும் நேரம் இருந்ததில்லை.

என் பழைய மாணவர் ஒருவர் இப்பகுதிப் பாடசாலையொன்றில் ஆசிரியராய் இருக்கிறார். கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு ‘எங்கள் குடும்பம்’ என்றொரு பாடம் நடத்தியவர், தாய் தந்தையர் சிறு வயதில் எப்படி இருந்தனர் என்பதைக் காட்டும் படம் ஒன்றைக் கொண்டு வருமாறு சொன்னாராம். மறுநாள் படத்தோடு வந்தவர் ஓரிருவரே. ஏனையோர் தம் படங்களையே தாயின் கைத்தொலைபேசியில் இருப்பதாகச் சொன்னார்கள். அத்தொலைபேசிகளிற் பல உடைந்தும் நனைந்தும் போயிருந்தன. இதனை அவர் என்னிடம் ஒரு செய்தியாகத்தான் சொன்னார். எனக்கோ அன்றிரவு உறக்கம் வரவில்லை. என் அலுமாரியில் யாஷிக்கா கமரா ஒன்று பல ஆண்டுகளாய்த் தூங்கிக்கொண்டிருந்தது.

அது என் பெரிய தந்தையாரின் கமரா. அவர் நகரில் ஒரு ஸ்டூடியோவிலே உதவியாளராய் இருந்தவர். ஐந்து வயதில் அங்கே எடுத்த என் படம் இன்றும் என் மேசையில் இருக்கிறது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கழுத்து வரை பூட்டிய சட்டை, அழுது முடித்ததன் அடையாளமாகச் சற்றே வீங்கிய கண். பின்னே, எங்கள் தெருவில் எவரும் கண்டிராத ஒரு மாளிகையின் படிக்கட்டு வரைந்த திரை. தமிழர் வாழும் இடமெல்லாம் ஸ்டூடியோக்கள் இப்படித்தான் இருந்தன. குப்புறப் படுத்துத் தலை நிமிர்த்தும் ஆறு மாதக் குழந்தை, மரக்குதிரையில் ஏறிய பையன், முன்னே முகமும் பின்னே கண்ணாடியிற் பூச்சடையும் தெரியும்படி நிறுத்திய சிறுமி என்று அவற்றுக்கு ஓர் இலக்கணமே உண்டு. கைக்குழந்தையைப் படம் பிடித்தால் ஆயுள் குறையும் என்று அஞ்சிய பாட்டிமார் இருந்தார்கள். அவர்களே பின்னர் கன்னத்திற் பெரிய திருஷ்டிப் பொட்டு வைத்துத் தூக்கியும் வந்தார்கள். தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களைத் தேடித் திரட்டிக் காக்கும் பணியைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்தோர் செய்திருக்கின்றனர். எம் நாட்டிலும் அவ்வாறு எவரேனும் முனைந்தால் நன்று.

பிள்ளையைப் படம் பிடிப்பது தொடக்கத்திலிருந்தே பெரும்பாடு. 1839இல் இக்கலை உலகறியத் தோன்றியபோது ஓர் உருவம் பதியப் பல நிமிடங்கள் அசையாதிருக்க வேண்டும். எந்தக் குழந்தை இருக்கும்? மேல் நாடுகளில் தாயை நாற்காலிபோல் இருத்தி, அவள்மேல் துணியைப் போர்த்தி, அவள் மடியிற் குழந்தையை வைத்து எடுத்தார்கள். படத்திலே குழந்தை தெளிவாய்த் தெரியும். தாய் ஒரு திரைச்சீலையாய்ப் பின்னே நிற்பாள். இப்படங்களை முதன்முதற் கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

குழந்தைகளின் முகத்தைக் கலையாக்கியவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்க ஒருவர் இலங்கை மண்ணிலேதான் உறங்குகிறார். ஜூலியா மார்கரெட் கமரன் என்பது அவர் பெயர். 1815இல் கல்கத்தாவிற் பிறந்து, இங்கிலாந்திலே வாழ்ந்து, நாற்பத்தெட்டாம் வயதில் மகள் பரிசளித்த கமராவைக் கையில் எடுத்தவர் அவ்வம்மையார். 1864 ஜனவரியில் ஆனி என்ற சிறுமியை எடுத்த படத்தின் கீழ், இதுவே தமது முதல் வெற்றி என்று எழுதி மகிழ்ந்தார். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, களுத்துறையிலே சிறிது காலம் வாழ்ந்து, 1879இல் மலைநாட்டிற் காலமாகிப் பொகவந்தலாவையில் அடக்கமானார். இங்கே அவர் எடுத்த படங்களில் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. அவற்றில் இந்நாட்டு எளிய மக்கள் நிற்கிறார்கள். இளம் பெண்கள் நிற்கிறார்கள். முகங்கள் மிக அழகு. ஆயினும் தலைப்பைப் பார்த்தால், களுத்துறைக் குடியானவர் என்றோ இலங்கைப் பெண் என்றோதான் இருக்கிறது. இங்கிலாந்துச் சிறுமிக்கு ஆனி என்ற பெயர் உண்டு. நம்மவர்க்குப் பெயர் இல்லை. அம்மையாரிடம் எனக்குள்ள மதிப்பு பெரிது. அம்மதிப்போடேயே இக்குறையையும் சொல்கிறேன்.

வேடர்களின் நிலை இதனினும் மோசம். சுவிஸ் நாட்டவரான போல் சரசின், பிரிட்ஸ் சரசின் என்ற உறவினர் இருவர் இலங்கை வேடர்களைப் பற்றி 1893இல் முடிவுற்ற பெருநூல் ஒன்றை வெளியிட்டார்கள். அதன் படங்களிலே வேடர்கள் நேர்முகமும் பக்கமுகமுமாக, மண்டையோட்டின் அளவுக்குச் சான்றாக நிற்கின்றனர். ஆராய்ச்சிக்கு அது வேண்டியிருக்கலாம். ஆனால் அந்தத் தாயும் பிள்ளையும் தம் படத்தை ஒரு நாளாவது பார்த்திருப்பார்களா?

இக்கேள்வி எனக்கு நூலறிவால் எழுந்ததன்று. முதல் தடவை கமராவோடு ஈச்சிலம்பற்றுக்குச் சென்றபோது, பாடசாலை வாசலிலே பிள்ளையை விட வந்த தந்தை ஒருவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “சேர், கடல் வந்த பிறகும், சண்டை முடிஞ்ச பிறகும் எங்கட பிள்ளைகளைப் படம் எடுத்த ஆக்கள் கனபேர். படத்தைக் கொண்டுவந்து தந்தவங்க ஒருத்தரும் இல்லை.” அவர் கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்யவில்லை என்று சொல்வது போலச் சொன்னார்.

போருக்குப் பின் பிள்ளைகளைப் படம் எடுத்தவர்களுள் மனச்சாட்சி உள்ளவர்களும் உண்டு. 1948இல் ‘சிம்’ என்று அழைக்கப்பெற்ற டேவிட் சீமோர், ஐக்கிய நாடுகளின் சிறுவர் நிதியத்துக்காக ஐரோப்பிய நாடுகள் ஐந்திலே அலைந்து, போரால் வாடிய பிள்ளைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். வார்சோவில் ஒரு சிறுமியிடம் ‘வீடு’ வரையுமாறு ஆசிரியை சொல்ல, அவள் கரும்பலகையிலே வெண்கட்டியால் வெறும் சிக்கலான கோடுகளைச் சுற்றிச் சுற்றி இழுத்துவிட்டு, கமராவை வெறித்துப் பார்க்கிறாள். உலகம் முழுவதும் அச்சான படம் அது. தெரெஸ்கா என்ற செல்லப் பெயருக்கு மேல் அவள் யார், பின்னர் என்ன ஆனாள் என்பதை அறுபது ஆண்டுகளுக்கு மேல் சென்ற பின்னரே ஆய்வாளர்கள் தேடிக் கண்டுபிடித்தனர். அதற்குள் அவள் இறந்து பல்லாண்டு கழிந்திருந்தது.

ஆகவே நான் எனக்கு ஒரு விதி வகுத்துக்கொண்டேன். எடுக்கும் ஒவ்வொரு படமும் எடுக்கப்பட்ட பிள்ளையின் கைக்கே போக வேண்டும். அதன் பின்புறத்திலே பிள்ளையின் பெயரும் திகதியும் இருக்க வேண்டும். கறுப்பு வெள்ளையைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. நிறப் படத்தின் நிறங்கள் சாயங்கள். ஆண்டு செல்ல அவை மங்கும். கறுப்பு வெள்ளைப் படத்திலே கறுப்பாய்த் தெரிவதோ உண்மையில் வெள்ளி. ஒளி பட்ட வெள்ளி உப்பை மருந்து நுண்ணிய வெள்ளித் துகளாக மாற்றுகிறது; ஒளி படாத உப்பை ஹைப்போ கரைத்து நீக்குகிறது. நன்றாகக் கழுவி உலர்த்திய படம் நூறாண்டும் அதற்கு மேலும் நிற்கும். எங்கள் பெண்கள் கையில் வெள்ளி இருந்தால் அடகு வைக்கவேனும் உதவும் என்பார்கள். இந்த வெள்ளியை எவரும் அடகு பிடிக்க மாட்டார்கள். அதுவே இதன் பாதுகாப்பு.

விதி வகுப்பது எளிது. முதல் தடவை நான் அடைந்தது தோல்வி. நான்கு பிலிம் சுருள். சுருள் ஒன்றுக்குப் பன்னிரண்டாக நாற்பத்தெட்டுப் படங்கள். மணல் முற்றத்தில், காலை பத்து மணி வெயிலில், பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி எடுத்தேன். ஒளிமானியை நம்பினேன். அந்தக் கருவியோ தன் முன்னே உள்ளதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கொண்டு கணக்குச் சொல்லும் பேதை. வெண்மணலின் பளபளப்பைக் கண்டு, ஒளி மிகுதி, வாயிலைச் சுருக்கு என்றது. சுருக்கினேன். விளைவு, மணல் அழகாய்ச் சாம்பல் நிறமாகப் பதிந்தது. எங்கள் கரிய பிள்ளைகளின் முகங்கள் கரிக்கட்டையாகிவிட்டன. கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன.

என்றாலும் சொன்ன சொல் தவறக் கூடாதென்று அப்படங்களையே கொண்டு சென்றேன். கூட்டாய் நின்ற மூவரின் படத்தை வாங்கிய சிறுமி நெடுநேரம் பார்த்தாள். பிறகு மிக மரியாதையாகக் கேட்டாள்: “இதில நான் எது சேர்?”

என் ஆசிரியத் தொழிலிலே எத்தனையோ கேள்விகளுக்கு விடை தெரியாமல் விழித்ததுண்டு. அன்று போல் நாணியதில்லை. அக்கேள்வி அந்தச் சிறுமியுடையது மட்டுமன்று என்று பின்னர் நூல்களைப் புரட்டியபோது கண்டேன். பழைய நாட்பட்ட பிலிம் வகைகள் செந்நிறத்தை அறியமாட்டா. நீலத்தை வெளுப்பாகவும் செம்மை கலந்த மாநிறத்தைக் கறுப்பாகவும் காட்டும். எம் பாட்டன்மார் பழைய படங்களில் உள்ளதினும் கறுத்துத் தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஸ்டூடியோக்காரர் நெகட்டிவில் மெல்லிய பென்சிலால் தீட்டி முகத்தை வெளுப்பாக்குவர். பலர்க்கு அது விருப்பமாயும் இருந்தது. எனக்கு அது வேண்டாம். பிள்ளையின் நிறம் பிள்ளையின் நிறமாகவே இருக்கட்டும். ஆனால் முகம் தெரிய வேண்டும்.

இரண்டாம் தடவை மாணவனாகச் சென்றேன். முற்றத்தை விட்டுப் பாடசாலை விறாந்தையின் ஓரத்தில், வெயில் நேரே படாத நிழலில், ஒரு வாங்கைப் போட்டேன். ஒளிமானியை மணலுக்குக் காட்டாமல் பிள்ளையின் கன்னத்தருகே பிடித்தேன். மணலிலிருந்து மேலெழுந்த ஒளி, முன்பு என்னைக் கெடுத்த அதே ஒளி, இப்போது தாடையின் கீழும் கண்குழியிலும் மென்மையாய்ப் பரவி முகத்தைத் தூக்கிக் காட்டியது. எதிரி நண்பனாவது இப்படித்தான் போலும்!

யாஷிக்காவில் இன்னொரு நன்மை உண்டு. அதனைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டியதில்லை. வயிற்றுக்கு நேரே பிடித்து, தலை குனிந்து, மேலேயுள்ள கண்ணாடித் தகட்டிலே உருவத்தைப் பார்க்கலாம். ஆகவே படம் எடுப்பவன் முகத்தைப் பிள்ளை காணும். கமராவும் பிள்ளையின் கண்மட்டத்திலே நிற்கும். அதிகாரி போல் மேலிருந்து நோக்காமல், கும்பிடுகிறவன் போல் குனிந்து நிற்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் ஒவ்வொருவராய் வந்து தகட்டைப் பார்த்தார்கள். உருவம் இடம் வலமாய் மாறித் தெரிவது அவர்களுக்குப் பெரு வேடிக்கை. வலக்கையை உயர்த்திய தோழன் அங்கே இடக்கையை உயர்த்துகிறான்! அரைமணி நேரம் இவ்விளையாட்டுக்கே போயிற்று. அது வீண் போன நேரமன்று. கமராவுக்குள் என்ன நிகழ்கிறது என்று கண்டு கொண்ட பிள்ளை அதன் முன்னே விறைத்து நிற்பதில்லை.

சிரிக்கச் சொல்லவில்லை. சில பிள்ளைகள் தாமே சிரித்தார்கள். ஒரு பையன் தன் புதுச் செருப்பும் தெரிய வேண்டும் என்றான். நெஞ்சளவுப் படம் என்று விளக்கியதும், செருப்பைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அப்படியே எடுத்தேன். நாற்பத்தெட்டில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

பிலிமைக் கழுவியது என் வீட்டுக் குளியலறையில். மருந்து இருபது பாகைச் சூட்டில் இருக்க வேண்டும் என்பது நூல் விதி. திருகோணமலைக் குழாய் நீரோ முப்பதைத் தொடும். சூடு மிகுந்தால் பிலிமின் மேலுள்ள பசை இளகி உரிந்துவிடும். கடையிலே ஐஸ் கட்டி வாங்கி, மருந்துப் போத்தலைச் சுற்றி அடுக்கி, பாகைமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டார் ஏதோ நோயாளிக்குப் பணிவிடை என்று நகைத்தனர். சிவப்பு விளக்கின் கீழ், வெறும் வெள்ளைத் தாள் மருந்திலே கிடக்க, முதலில் கண்ணும் பின் மூக்கும் பின் ஒரு பிள்ளையும் தோன்றியபோது அவர்களே அழைக்காமல் வந்து எட்டிப் பார்த்தனர்.

இந்த இரண்டாம் பயணத்தின் பிற்பகலில்தான் அந்த மூதாட்டி வந்தார். பேர்த்தியைக் கையிற் பிடித்துக்கொண்டு வந்தார். ஏழு வயதிருக்கும் பிள்ளைக்கு. காலையிலே அவளை ஏற்கெனவே எடுத்திருந்தேன். இப்போது வெள்ளைச் சட்டை, இரட்டைப் பின்னல், இரு பக்கமும் றிபன் என்று வேறு கோலம்.

“தம்பி, இவளுக்கு ஒரு மாமி இருந்தாள். என்ட மூத்த மகள்,” என்று தொடங்கினார். 1990இல் ஊரை விட்டு ஓடிக் காட்டோரமாய்க் கிடந்த நாட்களிலே காய்ச்சல் கண்டு அப்பிள்ளை இறந்ததாம். ஏழு வயது. அதற்கு முன்னே மூதூருக்குக் கொண்டு போய் ஒரு படம் எடுத்திருந்தார்கள். ஓடும்போது அதனை எப்படியோ சேலைத் தலைப்பில் முடிந்து காப்பாற்றிவிட்டார். தகர டப்பா ஒன்றில் வைத்து, பதினான்கு ஆண்டு வைத்திருந்தார். கடல் வந்த அன்று டப்பாவும் போயிற்று.

ஜப்பானில் 2011இல் ஆழிப்பேரலை வந்தபோது, சேற்றிலே கிடந்த குடும்பப் படங்களைத் தொண்டர்கள் இலட்சக்கணக்கிற் பொறுக்கியெடுத்து, நீரிலே கழுவி, உலர்த்தி, உரியவர்களைத் தேடிக் கொடுத்தார்கள். நனைந்த படங்களை ஒன்றோடொன்று ஒட்டி உலர விடாமல், சுத்தமான குளிர் நீரிலே பிரித்து எடுத்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம். இதனை அவரிடம் சொல்ல வாயெடுத்தவன் சொல்லாமல் விட்டேன். இருபது ஆண்டு பிந்திய அறிவு எவர்க்கு உதவும்?

“எல்லாரும் இவள் அவளை உரிச்சு வெச்ச மாதிரி எண்டு சொல்றாங்க. என்ட கண்ணுக்குள்ள அவள்ற முகம் மங்கிக்கொண்டு போகுது தம்பி. இவளை வெச்சு அந்தப் படத்தை ஒருக்கா எடுத்துத் தாங்க. நிறம் வேணாம். அந்தக் காலத்துப் படம் போல.”

நான் சற்றே திகைத்தேன். பெயரில்லாத படங்களைக் குறித்து இத்தனை பேசியவன் நான். இங்கே உயிரோடிருக்கும் ஒரு பிள்ளையின் முகத்தை இறந்த பிள்ளையின் பெயருக்கு எழுதி வைக்கச் சொல்கிறார்கள். இச்சிறுமிக்கு அது நல்லதா? அந்தத் தாய்க்கு அது ஆறுதலா, மயக்கமா? மறுத்துவிடலாமா என்றும் எண்ணினேன். சிறுமியின் தந்தை, அம்மூதாட்டியின் இளைய மகன், சற்றுத் தள்ளிச் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். “அக்கா போகேக்க எனக்கு நாலு வயசு சேர். எனக்கு அவவைத் தெரியாது. அந்தப் படத்தைத்தான் தெரியும்,” என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் யோசிக்கவில்லை.

மூதாட்டிக்கு அந்தப் படம் வரி பிசகாமல் நினைவிருந்தது. எந்தக் கை மேலே, எந்தக் கை கீழே, கழுத்து எவ்வளவு சாய்வு என்று அவரே வாங்கில் பிள்ளையை இருத்தினார். கையிலே பிளாஸ்டிக் பூவுக்குப் பதிலாக ஒரு செவ்வரத்தம்பூ. பிறகு இடப்பக்கத்து றிபனைச் சற்றே இழுத்துத் தளர்த்திவிட்டார்.

“அப்பம்மா, இந்தப் பக்கம் நழுவுது,” என்றாள் சிறுமி.

“அது அப்பிடித்தான் இருந்தது. ஆடாம இரு.”

சிறுமி ஆடாமல் இருந்தாள். பிள்ளைகளிடம் நாம் கேட்டால் எவ்வளவு பெரிய பொருளையும் அவர்கள் என்னவென்று கேளாமலே தந்துவிடுகிறார்கள். தகட்டிலே குனிந்து பார்த்தேன். நழுவிய றிபன் அங்கே வலப்பக்கம் தெரிந்தது. ஒரு முறை அமுக்கினேன். சுருளில் எஞ்சியிருந்த இன்னொன்றையும், றிபனை அவிழ்த்துக்கொண்டு அவள் வாங்கிலிருந்து குதித்து ஓடத் திரும்பிய கணத்தில், எனக்காக அமுக்கினேன்.

மூன்றாம் முறை சென்றது படங்களைக் கொடுப்பதற்கு. இந்த முறை எந்தப் பிள்ளையும் தான் எது என்று கேட்கவில்லை. ஒவ்வொன்றின் பின்புறத்திலும் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், பெயரும் திகதியும் எழுதிக் கொடுத்தேன். நேயர்களும் பேனாவால் எழுத வேண்டாம். மை ஊறி முன்பக்கம் வரும். பசை தடவிய பக்கங்களில் பிளாஸ்டிக் போர்த்திய அல்பங்களும் எம் நாட்டுப் புழுக்கத்தில் படத்துக்குப் பகை. தாளிலே சுற்றித் தரையிலிருந்து உயர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வைத்தாற் போதும். செருப்புப் பையனின் தாய் படத்தைப் பார்த்து, “சனியன்!” என்று தலையில் அடித்துக்கொண்டு, பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூதாட்டியின் வீட்டுக்கு நானே நடந்து போனேன். புதிய வீடு, சுவரிலே முருகன் படமும் ஒரு கலண்டரும். முதலில் ஓடத் திரும்பிய படத்தைச் சிறுமியிடம் கொடுத்தேன். பாதி முகம் அசைந்து மங்கியிருந்தது. ஆனால் அவள் அதிலே சிரித்துக்கொண்டிருந்தாள். பின்னே அவள் பெயரும் திகதியும் எழுதியிருந்தேன். பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

மற்றப் படத்தை மூதாட்டியின் கையில் வைத்தேன். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு போய்ப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நழுவிய றிபனின் மேலே, தொடாமல், விரலைக் கொண்டு போய் நிறுத்தினார். அதன் பின்புறம் மட்டும் எழுதாமல் கொண்டு வந்திருந்தேன். என்ன எழுதுவதென்று எனக்கு விளங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தேன்.

“இதில எழுத வேணாம் தம்பி,” என்றார்.

பென்சிலை வைத்துவிட்டேன். சுற்றி வைக்கத் தாள் கேட்டார். என் குறிப்புப் புத்தகத்தில் எழுதாத பக்கமாய்ப் பார்த்து ஒன்றைக் கிழித்துக் கொடுத்தேன். அவர் அதனை நான்காய் மடித்துப் படத்தை உள்ளே வைத்து, புதிய டப்பா ஒன்றைத் தேடி உள்ளே போனார். வெளியே சிறுமி தன் படத்தின் முகத்திலேயே விரல் பதியப் பிடித்துக்கொண்டு, அடுத்த வீட்டாருக்குக் காட்ட ஓடிக்கொண்டிருந்தாள்.